தழும்பும் தாயுள்ளமும்

ஐம்பது வயதைக் கடந்த தமிழர் பலரின் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். அவர்தம் பிள்ளைகளின் இடத்தோளில் காசநோய்த் தடுப்பூசியின் சிறு வடு இருக்கும். இவ்விரண்டும் அவரவர் கேட்டுப் பெற்றவை அல்ல. பேசவும் அறியாத பருவத்தில், பெற்றவர்கள் அவர்களுக்காக எடுத்த முடிவின் அடையாளங்கள் அவை. ஊருக்கு ஒரு கல்வெட்டு இருப்பது போல ஒவ்வோர் உடம்பிலும் இப்படி ஒரு வரலாற்றுச் சான்று பொறிக்கப்பட்டிருக்கிறது. நாம்தான் அதைப் படித்ததில்லை.

குழந்தையின் உடம்பைப் பற்றி முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது? பெற்றவர்க்கா, அரசுக்கா? ஊசி வேண்டாம் என்று மறுக்கும் தந்தை தன் உரிமையைக் காக்கிறாரா, கடமையைத் துறக்கிறாரா? இவ்வினாக்கள் இன்று நேற்று எழுந்தவை அல்ல. தமிழ்நாட்டில் இவற்றின் வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகும். மருத்துவர்களும் சட்ட வல்லுநர்களும் மட்டும் பேசித் தீர்க்கும் வழக்காக இது ஒருபோதும் இருந்ததில்லை. தொடக்கம் முதலே மொழியும் கதையும் நம்பிக்கையும் இதில் கலந்து நின்றன. ஆதலால், சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்களும் இலக்கிய அன்பர்களும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம் என்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மை என்னும் சொல்

தாயைக் குறிக்கும் சொல்லையே உயிர்க்கொல்லி நோய்க்கும் பெயராக வைத்தது தமிழ். அம்மை 'வந்தது' என்றும், முத்துப் 'போட்டது' என்றும் சொல்வார்களே தவிர, நோய் பிடித்தது என்று சொல்ல நாக்கு வராது. சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள வெள்ளாற்றங்கரை ஊர்களிலும், விருத்தாசலம் பக்கத்து மணிமுத்தாற்றங்கரை ஊர்களிலும் மாரியம்மனை வணங்காத ஊரைக் காண்பது அரிது. வாசலில் வேப்பிலை செருகுவதும், வீட்டில் தாளிப்பு நிறுத்துவதும், வெளியார் வருகையைத் தவிர்ப்பதும், முத்து இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஓர் ஒழுங்கான முறைமையாகவே அமைந்திருந்தன. நோயாளியைத் தனிமைப்படுத்துதல் என்று பிற்காலச் சுகாதாரத் துறை சொன்னதன் ஒரு பகுதி அதற்குள் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் பெரியம்மை கண்டவர் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் மாண்டனர். பிழைத்தவர்களிற் பலர் முகவடுவோடும் சிலர் கண்பார்வை இழந்தும் வாழ்ந்தனர். இதைத் தடுக்க ஒரு வழி உண்டென்று வெளியார் ஒருவர் வந்து சொன்னபோது, தாயின் மனத்தில் எழுந்த முதற்கேள்வி மருத்துவம் பற்றியதாக இருந்திருக்க முடியாது. வீடு தேடி வரும் அம்மனை வாசலிலேயே தடுப்பதா என்பதே அக்கேள்வி. அதை மூடத்தனம் என்று ஒதுக்கியவர்கள் அவளிடம் பேசும் வாய்ப்பையே இழந்தார்கள்.

கைவிட்டுக் கை மாறிய பால்

1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்சு பிப்சின் கையில் பசு அம்மையின் சீழைக் கீறி ஏற்றினார். இன்றைய நெறிமுறைகளைக் கொண்டு நோக்கினால் அச்சிறுவன் சோதனைக்கு ஆளானவன். ஏழைத் தந்தை ஒருவர் தம் முதலாளியிடம் மறுப்புச் சொல்லியிருக்க முடியுமா என்ற ஐயம் தடுப்பூசி வரலாற்றின் முதல் நாளிலேயே தோன்றிவிடுகிறது.

1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மைப்பால் வைக்கப்பட்டது. இந்தியாவில் அது பலித்த முதல் குழந்தை அவளே. அங்கிருந்து அது தெற்கே பரவிச் சென்னை மாகாணத்தை அடைந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில் அம்மைப்பால் பயணம் செய்ய ஒரே ஊர்தி குழந்தையின் கைதான். ஒரு குழந்தைக்குக் குத்திய எட்டாம் நாள் அளவில் எழும் கொப்புளத்தைத் திறந்து, அதில் ஊறும் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பர். இவ்வாறு அது கைவிட்டுக் கை மாறி ஊர் ஊராகச் சென்றது.

பெற்றோரின் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள இம்முறையை நினைவில் கொள்ள வேண்டும். யாரோ ஒரு பிள்ளையின் நீர் தம் பிள்ளையின் உடம்பில் ஏறுவது ஓர் அச்சம். ஆறத் தொடங்கிய தம் பிள்ளையின் புண்ணை மீண்டும் கீறி நீர் எடுப்பார்கள் என்பது மற்றோர் அச்சம். முதல் அச்சத்தில் சாதி உணர்வு கலந்திருந்தது உண்மை. ஆனால் அதில் மெய்யான ஆபத்தும் கலந்திருந்தது. கைவிட்டுக் கை மாற்றும் இம்முறையால் ஐரோப்பாவிலேயே குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றிய நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை பரவியபின்தான் இவ்வாபத்து நீங்கியது. 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கிண்டி கிங் நிலையம் சென்னை மாகாணத்துக்கு அம்மைப்பாலை வழங்கும் நிலையமாக விளங்கியது. பெற்றோர் அஞ்சிய ஒன்றை அறிவியலே பின்னர் திருத்திக்கொண்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

எல்லீசரின் புனைவு

அம்மைப்பாலைத் தமிழ் மக்கள் ஏற்கும்படி செய்ய இலக்கியத்தையே கருவியாக்கிய ஒருவர் உண்டு. திருக்குறளுக்கு ஆங்கில விளக்கம் கண்டவரும், சென்னையில் கிணறு வெட்டிக் குறள் பொறித்த கல்வெட்டு நட்டவருமான எல்லீசர் எனப்படும் பிரான்சிசு வைட் எல்லிசு அவர். சென்னை ஆட்சியராகப் பணியாற்றிய அவர், அம்மைப்பாலின் பெருமையைச் சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாகப் புனைந்தார். பசு மனிதருக்கு வழங்கும் ஐந்து பொருள்களை மக்கள் முன்பே அறிவர். அம்மைப்பால் அதன் மறைந்திருந்த ஆறாவது கொடை என்பது அப்புனைவின் கருத்து. அம்மனைப் பகைத்துக்கொள்ளாமல், அம்மனின் வாயாலேயே இசைவு சொல்ல வைத்த உத்தி அது. ஓர் அயலவர் நம் மனத்தின் இயல்பை இவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தமை வியப்புக்குரியது.

ஆனால் அத்துடன் நிற்கவில்லை. 1819ஆம் ஆண்டு சனவரியில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் மெட்ராஸ் கூரியர் இதழில் ஒரு மடல் வெளிவந்தது. பசு அம்மையைக் குத்தும் முறை வடமொழிப் பழநூல் ஒன்றிலேயே கூறப்பட்டுள்ளது என்று அம்மடல் சான்று காட்டியது. அச்சான்று பின்னர் ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் மெய்யென்றே எடுத்தாளப்பட்டது. அத்தகைய பழஞ்சான்று உண்மையில் இல்லை என்பதை அண்மைக் கால ஆய்வறிஞர் டொமினிக் உஜாஸ்டிக் நிறுவியுள்ளார். நல்ல நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு பொய்ச்சான்று அது.

குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் வள்ளுவர் கருத்தை இங்கு ஒருவர் துணைக்கு அழைக்கலாம். ஆனால் தம் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் பெற்றவரிடம் சொல்லப்படும் பொய் குற்றமற்றதாக இருக்க முடியுமா? அது வெளிப்படும் நாளில், அவரிடம் சொல்லப்பட்ட உண்மைகளும் சேர்ந்து சாயம் வெளுக்குமே! உரையாடலாகப் புனைந்தது கவிஞனின் உரிமை. பழஞ்சான்று என்று காட்டியது அவ்வுரிமையை மீறியது. இவ்வேறுபாட்டை எழுதுவோர் நாம் மறக்கலாகாது.

சட்டம் வாசலுக்கு வந்தது

கதையால் ஆகாததைச் சட்டத்தால் ஆக்க முயன்றது அடுத்த கட்டம். இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த மூன்று மாதங்களுக்குள் குழந்தைக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. மறுத்த பெற்றோர் தண்டம் கட்டினர். சிலர் சிறை சென்றனர். 1885ஆம் ஆண்டு லெஸ்டர் நகரில் பெருங்கூட்டம் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தது. ஏழைகளின் குழந்தையே அரசு மருத்துவரின் கத்திக்கு ஆளாகிறது என்ற குமுறல் அதில் இருந்தது. இறுதியில் 1898ஆம் ஆண்டு, மனச்சான்றின் காரணமாக மறுக்கும் பெற்றோருக்கு விலக்களிக்கும் விதி சட்டத்தில் சேர்ந்தது. போர்க்களம் செல்ல மறுப்பவரைக் குறிக்கப் பிற்காலத்தில் வழங்கிய 'மனச்சான்று மறுப்பாளர்' என்ற தொடர் முதலில் பரவலானது குழந்தைக்கு ஊசி மறுத்த பெற்றோரை ஒட்டியே ஆகும்.

இந்தியாவில் 1880ஆம் ஆண்டு அம்மை குத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சியை மறவாத ஆட்சியாளர், கட்டாயத்தை நாடு முழுவதற்கும் ஒரேயடியாகச் சுமத்தத் துணியவில்லை. சட்டம் விரித்துரைக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே அது செல்லுபடியானது. சென்னை நகரில் 1884ஆம் ஆண்டு அம்மை குத்துதல் கட்டாயமாயிற்று. பின்னர் படிப்படியாக மாகாணத்தின் பிற பகுதிகளுக்கும் அது பரவியது. 1880ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நுண்ணிய செய்தி உண்டு. ஆண் குழந்தை என்றால் பதினான்கு வயதுக்கு உட்பட்டவன். பெண் குழந்தை என்றால் எட்டு வயதுக்கு உட்பட்டவள் என்று அது வரையறுத்தது. எட்டு வயதைத் தாண்டிய பெண்பிள்ளையின் கையைத் தொட அஞ்சியது சட்டம்! பேரரசின் அதிகாரமும் வீட்டு வாசலில் தயங்கி நின்ற காட்சியை இவ்வொரு வரையறை காட்டிவிடுகிறது. அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் எட்டு வயதுக்கு மேற்பட்ட சிறுமியர் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சட்டம் இருந்தும் பெரியம்மை உடனே ஒழிந்துவிடவில்லை. அம்மை குத்துபவர் வருகிறார் என்று கேட்டதும் பிள்ளைகளை மறைத்துவைப்பது அக்காலத்து வழக்கமாக இருந்தது. கணக்கில் ஏறிய கைகள் எல்லாம் காக்கப்பட்ட கைகளாக இருக்கவில்லை.

ஒரே மனிதர், இரு நிலைகள்

விடுதலைப் போராட்டத் தலைவர்களிடையேயும் இவ்வினா எழுந்தது. காந்தியடிகள் அம்மை குத்துவதை ஏற்காதவர். 1930ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சபர்மதி ஆசிரமத்தில் பெரியம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது அவர் பெரிதும் துயருற்றார். ஆயினும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கொள்கையின் உறுதியும் குழந்தையின் உயிரும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவையா என்ற வினாவை அந்நிகழ்ச்சி நம்முன் வைத்துச் செல்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றின் நடுநாயகமாக நிற்பவர் ராஜாஜி. 1937 முதல் 1939 வரை அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், டாக்டர் தி.சே.சௌ. ராஜன் சுகாதார அமைச்சர். அவ்வமைச்சரவையின் காலத்தில்தான் 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. தொற்றுநோய் மூளும் காலத்தில் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது.

அதே ராஜாஜி, 1955ஆம் ஆண்டில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை எதிர்த்துப் போர்க்கொடி உயர்த்தினார். கிண்டியில் 1948ஆம் ஆண்டு பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் அமைந்திருந்தது. ஐ.நா. குழந்தைகள் நிதியம் துணைநிற்க, நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போடும் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. மைய அரசின் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அதன் உறுதியான ஆதரவாளர். ராஜாஜி, தாம் ஏன் எதிர்க்கிறார் என்பதை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலே வெளியிட்டார். அவர்தம் வாதத்தின் சாரம் இது: உயிருள்ள கிருமியை நலமுள்ள கோடிக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் ஏற்றுகிறோம், அதன் பயன் ஐயமற நிறுவப்படவில்லை, நிறுவப்படாத ஒன்றை ஏழை நாட்டின் பிள்ளைகள்மீது இவ்வளவு பெரிய அளவில் செலுத்துவது முறையன்று. பள்ளியில் வரிசையில் நிறுத்தி ஊசி போடும்போது பெற்றோரின் இசைவு எவ்வளவு மெய்யானது என்ற கேள்வியும் இவ்விவாதத்தில் எழுந்தது. அரசோ, ஊசி கட்டாயமன்று, தீங்கற்றது, பயனுள்ளது என்று விடையளித்தது.

தலைமை ஆளுநராக விளங்கிய பெரியவர் ஒருவரின் சொல் மக்களிடையே ஐயத்தை விதைத்ததில் வியப்பில்லை. அவரை அறிவியலின் பகைவர் என்றனர் சிலர். பெற்றோரின் காவலர் என்றனர் வேறு சிலர். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதை அறிய மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

செங்கற்பட்டு சொன்ன விடை

1968ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலகச் சுகாதார நிறுவனமும் பங்கேற்ற அவ்வாய்வில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு பி.சி.ஜி. மருந்தும் சிலருக்கு மருந்தற்ற நீரும் போடப்பட்டு, யாருக்கு எது என்பது மறைத்துவைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். 1979ஆம் ஆண்டு முதல் அறிக்கை வெளிவந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயன் தரவில்லை என்ற அம்முடிவு உலக மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999ஆம் ஆண்டு வெளியாகி அதனை உறுதிப்படுத்தியது.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மறைந்த ராஜாஜி இம்முடிவைக் காணவில்லை. கண்டிருப்பின் தாம் எழுப்பிய ஐயம் வீண்போகவில்லை என்று கருதியிருக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோயையும், உடம்பெங்கும் பரவும் கடுங்காசநோயையும் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்பது பல ஆய்வுகளால் தெளிவாயிற்று. அதனால்தான் பிறந்தவுடன் அவ்வூசி போடும் வழக்கம் தொடர்கிறது. அரசு சொன்ன அளவுக்கு அது அரணாக அமையவில்லை. ராஜாஜி அஞ்சிய அளவுக்கு அது தீங்காகவும் இல்லை. ஐயம் எழுப்பியது குற்றமன்று. ஐயத்தைத் தீர்க்கும் ஆய்வுக்கு முன்னரே இரு தரப்பாரும் முடிந்த முடிபாகப் பேசியதுதான் குறை.

இதே காலத்தில் பெரியம்மையின் கதை வேறு விதமாக முடிந்தது. தண்டையார்ப்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் போன்றோர் நோயின் போக்கை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து ஆராய்ந்தனர். நோய் கண்ட வீட்டை விரைந்து கண்டறிந்து, அதைச் சுற்றியுள்ளோர்க்கு ஊசி போட்டு வளைக்கும் முறை உலகெங்கும் கையாளப்பட்டது. 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோயைத் தேடி வீடு வீடாக நடந்த கால்கள் செய்த பணி, தண்டம் விதித்த சட்டம் ஒரு நூற்றாண்டு முயன்றும் முடிக்காத பணியாகும்.

நம் காலத்துச் சோதனைகள்

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாத பெற்றோரைத் தண்டிக்கும் பொதுவான நடுவணரசுச் சட்டம் இன்று இந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டில் இப்பணி பெரிதும் கிராமச் சுகாதாரச் செவிலியரின் தோளில் நிற்கிறது. புதன்கிழமை என்றால் ஊசி நாள் என்பதை ஊரறியும். எந்த வீட்டில் எந்த மாதம் குழந்தை பிறந்தது, எந்த ஊசி பாக்கி என்பது அவர் ஏட்டில் இருக்கும். அதைக் காட்டிலும் முக்கியமானது, அந்தத் தாயின் பெயர் அவர் வாயில் இருப்பது.

அந்நம்பிக்கை எவ்வளவு அருமையானது என்பதை 2008ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்குள் சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் குழந்தைகளைக் கொண்டுவரும் முறை மேற்கொள்ளப்பட்டது. அந்நாள்களில் தயங்கிய தாயை யார் குறைகூற முடியும்? அச்சம் அவள் குற்றமன்று. அதற்கு நேர்மையான விடை அளிப்பது அரசின் கடன்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிக் குழந்தைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடத் தமிழ்நாடு முனைந்தபோது வேறொரு சோதனை வந்தது. கைப்பேசி வழியே வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் மறுத்தனர். இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. ரூபெல்லாவோ சிறுவர்க்குப் பெரும்பாலும் எளிய காய்ச்சல். ஆனால் கருவுற்ற பெண்ணுக்கு அது தொற்றினால் கருவிலுள்ள குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பழுதுபடலாம். எனவே நம் வீட்டு ஆண்பிள்ளைக்குப் போடும் ஊசி, நாம் பெயரறியாத ஒரு தாயின் வயிற்றுப் பிள்ளையைக் காக்கிறது. பெற்றோரின் பொறுப்பு தம் பிள்ளையோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கொரோனாக் காலத்தில், 2021ஆம் ஆண்டு நவம்பரில், ராஜாஜி அமைச்சரவை தந்த அதே 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு, ஊசி போடாதவர் பொது இடங்களுக்கு வருவதைத் தமிழ்நாடு அரசு கட்டுப்படுத்தியது. இத்தகைய கட்டுப்பாடுகள் உச்சநீதிமன்றத்தில் வழக்காயின. 2022ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் வந்த தீர்ப்பு எவரையும் வற்புறுத்தி ஊசி போட இயலாது என்றது. பொதுநலம் கருதி அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும், அப்போதைய நிலையில் மாநிலங்கள் விதித்தவை அளவுக்கு மிஞ்சியவை என்றும் கூறியது. குழந்தைகளுக்கான தடுப்பூசி ஆய்வுகளின் முக்கிய முடிவுகளை மக்கள் அறிய வெளியிடவேண்டும் என்றும் பணித்தது. 1955ஆம் ஆண்டின் விவாதத்தில் தொங்கிநின்ற கேள்விக்கு அறுபத்தேழு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை போல அது ஒலிக்கிறது.

கடன்கள் மூன்று

இருநூறு ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கடன்கள் புலப்படுகின்றன. பெற்றோரின் கடன் முதலாவது. குழந்தை நமக்குப் பிறந்தது. நமக்கு உடைமை அன்று. அதன் பெயரால் மறுக்கும்போது, மறுப்பின் விளைவைத் தாங்கப்போவது நாம் அல்லோம், அதுவே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகள் காக்கப்பட்டால்தான் தட்டம்மை ஊருக்குள் பரவ வழியின்றி நிற்கும் என்கிறார்கள். ஊசிக்கு இன்னும் வயது வராத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, நாம் எடுக்கும் முடிவின் நிழலில் உறங்குகிறது. ஐயம் கொள்ளலாம், கேட்கலாம், கேட்டபின் காலம் தாழ்த்தலாகாது.

அரசின் கடன் இரண்டாவது. தெரிந்ததைத் தெரிந்த அளவிலும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வதே அக்கடன். தீங்கு நேர்ந்தால் மறைக்காமல் முன்வந்து பொறுப்பேற்க வேண்டும். கட்டாயம் என்பது பேச்செல்லாம் தீர்ந்தபின், பேராபத்தில் மட்டும் எடுக்கும் கருவியாக இருக்கட்டும்.

மூன்றாவது கடன் நம்முடையது. எல்லீசர் ஓர் உரையாடலைப் புனைந்தார். வதந்தி எழுதுவோரும் இன்று நாள்தோறும் புனைகிறார்கள். இடையில் தாயின் மொழியில், அவள் அச்சத்தை மதித்து, உண்மையை மட்டும் பேசும் எழுத்து குறைவாகவே இருக்கிறது. அம்மை என்ற சொல்லில் நோயையும் தாயையும் ஒருங்கே வைத்த மொழிக்கு அத்தகைய எழுத்தைத் தரும் வல்லமை உண்டு. நம் வட்டத்தார் அடுத்த பத்தாண்டில் செய்யவேண்டிய பணிகளுள் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.